முடிச்சை யார் அவிழ்க்கிறார்?



"கதை நன்றாயிருந்தது, முடிவுதான் ஒட்டவில்லை" என்று படம் பார்த்துவிட்டு வந்து நாம் பேசிக்கொள்கிறோம். ஏன் ஒட்டவில்லை?

திரைக்கதை எழுதுகிறவர்கள் கதையை மூன்று அங்கமாக வகுப்பது வழக்கம். முதல் அங்கத்தில் முடிச்சு விழும். இரண்டாவதில் இறுகும். மூன்றாவதில் அவிழும். கால், அரை, கால் என்பது ஏறக்குறைய அளவு.

1952-ல் வந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம். யுத்த காலம். ரங்கூனிலிருக்கும் அண்ணன்மார் மூவர், மதுரையில் தங்கை கல்யாணிக்குத் திருமணம். கப்பலில் ஒருவருக்குத்தான் டிக்கெட் கிடைக்கிறது. முடிச்சு அங்கே விழுகிறது. புருஷனும் தகப்பனாரும் ஒரே நாளில் மாள்கிறார்கள். வீடு கடனுக்குப் போகிறது. யுத்தமும் கடனுமே இதுவரை வில்லன்கள்!

இரண்டாவது அங்கம்தான் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டியது. கைக்குழந்தையுடன் இட்லி விற்கிறாள் கல்யாணி. தெருவில் காலி, வேலைக்குப் போன வீட்டில் கள்ளமார்க்கெட் முதலாளி, கோயிலில் பூசாரி. அவள் கேட்பது பிழைப்பு, எதிரே நிற்கிறவன் கேட்பது வேறு. படிப்படியாக ஆள் பெரியவனாகிறான், முடிச்சும் இறுகுகிறது. இடையே ரங்கூனிலிருந்து வந்த அண்ணன் குணசேகரன் பைத்தியக்கார வேஷம் போட்டுக்கொண்டு தங்கையைச் சுற்றிவருகிறான். உடன்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கதை மிச்சம்! ஆனால் சொல்லிவிட்டால் நடு அங்கம் நிற்காதே.

மூன்றாவது, கோர்ட். குழந்தையை ஆற்றில் எறிந்த குற்றத்துக்குத் தங்கை கூண்டில். நீதிபதி ஆசனத்தில் மூத்த அண்ணன். குணசேகரன் வாய் திறந்ததும் சமுதாயமே கூண்டில் ஏறுகிறது. கேள்வி அத்தனை பெரியது. பதில்? எறிந்த குழந்தை ஓடத்தில் விழுந்து பிழைத்ததாம்! குடும்பம் ஒன்றுகூடுகிறது. முடிச்சைப் போட்டது சமுதாயம், அவிழ்த்தது ஓர் ஓடம். 1942-ல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கில் தப்பி வந்தார்களே, அவர்களுக்கெல்லாம் ஓடமா வந்தது? ஒட்டாத இடம் இதுதான்.

1981-ல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' வேறு மாதிரி. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் படமாக்கினார், திரைக்கதைக்குத் தேசிய விருதும் பெற்றார். வறண்ட அத்திப்பட்டிக்கு வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறான் வெள்ளைச்சாமி. பிறகு ஜனங்களே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டுகிறார்கள். சர்க்கார் தடுக்கிறது. மூன்றாவது அங்கத்தில் ஓடம் ஏதும் வருவதில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் தாகத்தால் சாகிறான். கொட்டகையில் விளக்கு எரியும்போதும் அந்த வாய்க்கால் பாதியில்தான் கிடக்கிறது.