ஏற்று மீனும் காய்ந்த புல்லும்

(போடிநாயக்கனூர் வட்டார விவசாயிகளுக்காக வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலியில் நிகழ்த்திய பேச்சு)



ஏலத்துக்கு என்ன மருந்து, மாவுக்கு எத்தனை கிலோ உரம் என்று ஒவ்வொரு தடவையும் உங்களோடு பேசி வருகிறேன். இன்றைக்கு அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஆற்று மீனைப் பற்றியும், மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். "என்னப்பா, விவசாய ஆபீசர் தூண்டிலைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பெரியவர்கள் சிரிக்கலாம். சிரிங்க. பேச்சு முடிவதற்குள் அது உங்கள் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் வந்து சேர்ந்துவிடும்.

போன ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, கொட்டகுடி ஆற்றோரமாக வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வாய்க்கால் மடையில் பழைய கொசுவலையைக் கட்டி, அரைக் குடம் அயிரை பிடித்து வைத்திருந்தான். ஒரு மீனை எடுத்து வயிற்றை லேசாக அமுக்கிப் பார்த்தேன். முட்டை பிதுங்கிக்கொண்டு வந்தது. "எல்லாமே சினை மீன் சார், ருசியா இருக்கும்" என்றான் பெருமையாக. ருசி அதிகம்தான். நானும் தின்றவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அரைக் குடத்தில் அவன் அள்ளியது நூறு இருநூறு மீனை மட்டுமல்ல, அடுத்த வருஷத்து அயிரையையும் சேர்த்துத்தான்.

மதுரை வரைக்கும் பேர் போன மீன் இந்த அயிரை. விரல் நீளம்கூட இராது. மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதனால்தான் சமைக்கிறதற்கு முன்னால் தேங்காய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறார்கள் நம் வீட்டுப் பெண்கள். கோடை முழுக்க ஆறு வற்றிக் கிடக்கும்போது, கசத்திலும் பாறை இடுக்கிலும் ஈர மணலிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற மீன்கள்தான் அயிரை, கெண்டை, கெளுத்தி எல்லாம். மழை இறங்கி, கலங்கலாக, குளிர்ச்சியாகப் புதுத் தண்ணீர் வந்தவுடனே அதுகளுக்குத் தெரிந்துவிடும், இதுதான் முட்டை இடுகிற நேரம் என்று. தண்ணீரை எதிர்த்து ஏறும். வாய்க்காலுக்குள் நுழையும், நெல் வயலுக்குள்கூட வரும். இதைத்தான் நாம் ஏத்து மீன் என்கிறோம். ஏறி வருகிற வழியில் மடைக்கு மடை வலை கட்டியிருந்தால், போய்ச் சேருகிறது எது?

எத்தனை நாள் விட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ரொம்ப நாள் இல்லை. ரோகு போன்ற கெண்டை வகைகளின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாளில் குஞ்சு தானாக நீந்தி இரை தேட ஆரம்பித்துவிடும். எல்லா மீனும் ஒரே நாளில் ஏறாது, முன்னே பின்னே ஏறும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்கிறேன், முதல் வெள்ளம் வந்த நாளிலிருந்து பதினைந்து நாள் ஆற்றிலும் மடையிலும் வலை போடாமல் இருந்தால் போதும்.

விரால் மீனுக்கு மட்டும் வேறு கணக்கு. அது பாசிக்குள்ளே கூடு மாதிரி ஒதுக்கி முட்டையிட்டு, குஞ்சு பெரிசாகும் வரைக்கும் கூடவே காவல் இருக்கும். குளத்து ஓரத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மொதுமொதுவென்று மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் தாய் தகப்பன் நிற்கும் என்று தெரிந்தேதான் தூண்டில் போடுகிறோம். பெரியதைப் பிடித்த அன்றைக்கே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீன் குழம்புக்கு, நூற்றுக்கணக்கான குஞ்சு.

கடற்கரையில் இருக்கிற மீனவர்களுக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது என்று தடை இருக்கிறது. கஷ்டப்பட்டுத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் இருக்கிறார்கள். மேலே மூணாறில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ட்ரவுட் என்ற குளிர்நாட்டு மீனைக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். அதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதற்குச் சங்கம் வைத்து, அனுமதிச் சீட்டு வாங்கித்தான் பிடிக்க வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பொழுதுபோக்குக்கு மீன் பிடித்தவர்கள்! அவர்களுக்கே அந்த ஒழுங்கு இருந்தது. நம் கொட்டகுடி ஆற்றுக்கு யார் முறை வைப்பது? நாம்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று. வெடி போடுகிறதும், கள்ளிப்பால் கலக்குகிறதும், கரண்டு கம்பியிலிருந்து கொக்கி போட்டுத் தண்ணீரில் விடுகிறதும் மீன்பிடியே அல்ல. வெடியும் விஷமும் கூடாது என்று 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கரண்டு வைக்கிறவன் மீனோடு சேர்த்துத் தன் உயிரையும் பணயம் வைக்கிறான்.

நம்மை அறியாமல் விஷம் வைக்கிறவர்களும் உண்டு, அது விவசாயிகளாகிய நாம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தெளிக்கிற மருந்து பன்னியாற்றுப் பக்கம் போகும். ஆனால் குரங்கணி, கொட்டகுடி சரிவில் ஏலத்துக்கும் காபிக்கும் தெளிக்கிறது மழையோடு இறங்கி நம் ஆற்றுக்குத்தான் வரும். பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகள் மனிதனைவிட மீனைச் சீக்கிரம் கொல்லும், கொஞ்சமாக இருந்தாலே போதும். தெளிப்பானை ஓடையில் அலசாதீர்கள். அலசின தண்ணீரை ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளி, தோட்டத்துக்குள்ளேயே ஒரு குழியில் ஊற்றுங்கள். மழை வரும்போலத் தெரிந்தால் அன்றைக்குத் தெளிக்கவே வேண்டாம், மருந்தும் வீண், கூலியும் வீண். அதோடு ஏலப்பூ விடியற்காலையில் விரியும், ஒரு நாள்தான் அதன் ஆயுசு. அந்தக் காலை நேரத்தில் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய். பாறையில் பெரிய அடை கட்டுகிற மலைத்தேனீ வருஷம் முழுக்க ஒரே இடத்தில் இருக்காது, பூ இருக்கிற காலம் பார்த்து இடம் மாறி வரும். வந்திருக்கிற விருந்தாளிக்கு விஷத்தை வைக்கலாமா? தெளித்தே ஆக வேண்டுமென்றால் பிற்பகலுக்கு மேல் தெளியுங்கள்.

மீன் ஆசை இருக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் அதில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை நான்கு, மூன்று, மூன்று என்ற பங்கில் விடலாம். ஒரு சென்ட் நீர்ப்பரப்புக்கு இருபது குஞ்சு போதும். கட்லா மேல் தண்ணீரிலும், ரோகு நடுவிலும், மிருகால் அடியிலும் மேயும், ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் விடாதீர்கள். அது தடை செய்யப்பட்ட மீன். கரை உடைந்து ஆற்றுக்குப் போனால் அயிரை, கெண்டை எதையும் மிச்சம் வைக்காது.

ஆற்றை விடுவதற்கு முன்னால் குளிக்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தடுப்பணைப் பக்கம் வெளியூர்ப் பிள்ளைகள் கூட்டம். போடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே குரங்கணியில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று நிறம் மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பின்னாலேயே வெள்ளம் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள் ஒரு சத்தம் கொடுங்கள். "இவரு யாரு சொல்றதுக்கு" என்று முறைத்தாலும் பரவாயில்லை.

சரி, மலைக்கு வருவோம்.

மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் நம் மலை இருக்கிற அழகே தனி. வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்து மாந்தோப்புச் சருகைக் கிளறிப் புழு பொறுக்கும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிக்குக் கத்தும், கடிகாரமே வேண்டாம். ஓடைக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு வாலாட்டிக் குருவி நிற்கும், அதுவும் இமயமலைப் பக்கமிருந்து வந்ததுதான். அந்த நேரத்தில் மலையைப் பார்க்க வருகிறவர்களை வரவேற்கவேண்டும். ஜீப் ஓட்டுகிறவருக்கும், டீக்கடைக்காரருக்கும், வீட்டிலேயே காபித்தூள் அரைத்து விற்கிற பெண்களுக்கும் அது வருமானம்.

ஆனால் தை கடைசியில் புல் காய ஆரம்பித்துவிடும். மாசி, பங்குனியில் மலை முழுக்க வைக்கோல் போர்தான். சரிவில் இருக்கிற எலுமிச்சம்புல்லில் எண்ணெய் இருக்கிறது, தீப்பட்டால் சடசடவென்று பிடிக்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிற காலமும் அதுவே. போடி இலவம்பஞ்சு எவ்வளவு பேர் போனதோ, அவ்வளவு சீக்கிரம் தீயும் பிடிக்கும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்த இரண்டு குழுக்கள் தீயில் சிக்கிக்கொண்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த சின்ன வயசுப் பிள்ளைகள், பெண்கள் அதிகம். மலை ஏறி இறங்கிப் பழக்கப்பட்ட நம் ஊர் ஜனங்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தோளில் சுமந்தார்கள். அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர் போயிற்று. யார் தப்பு என்று பேச நான் வரவில்லை. அந்த மாசி மாதத்தில் அந்தப் புல்லுக்குள்ளே மனிதர்கள் நடந்திருக்க வேண்டாம் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

சமதரையில் நடக்கிற தீ, மேட்டில் ஓடும். கீழேயிருந்து வருகிற அனல் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால், பற்றுகிற நேரமே குறைந்துபோகும். அதனால் தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடக்கூடாது. பள்ளத்துக்குள்ளும் இறங்கக்கூடாது, பள்ளம் புகைபோக்கி மாதிரி அனலை இழுக்கும். வெறும் பாறை, ஓடை, இல்லையென்றால் ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, இங்கேதான் பிழைக்க வழி. இதை உங்கள் வீட்டில் வழிகாட்டியாகப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 வழிகளை வனத்துறையே பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிற ஏற்பாடும் வந்தது. தீக்காலத்தில் அந்த வழிகளை மூடுகிறார்கள். மூணாறு இரவிகுளத்திலும் வரையாடு குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் சுற்றுலாக்காரர்களை விடுவதில்லை. ஆனால் குறுக்கு வழி என்று ஒன்று எப்போதும் இருக்கிறதே! "ஐந்நூறு ரூபாய் தர்றோம்ணே, அந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்பார்கள். போகாதீர்கள். 2030ல் மூணாறு பக்கம் குறிஞ்சி பூக்கிற வருஷம் வருகிறது. அப்போது கூட்டம் நம் வாசல் வழியாகவும் வரும்.

வெளியூர்க்காரர்களை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. தீ வைத்தால் இளம்புல் துளிர்க்கும், மாடு மேயும் என்று நாமும்தான் கொளுத்துகிறோம். துளிர்க்கிறது உண்மை. அந்தப் புல் எத்தனை நாளைக்கு? வேர் பிடிப்பு இல்லாத கருகின மண்ணில் கோடை மழை ஒன்று அடித்தால், மேல்மண் முழுக்க ஆற்றுக்கு வந்துவிடும். மணலில் முட்டை வைக்கிற மீனுக்கு அங்கே சேறு. தடுப்பணையில் வண்டல். ஊற்று சீக்கிரம் வற்றும், உங்கள் கிணறும் அதன் பின்னாலேயே. அதனால்தான் மீனையும் தீயையும் ஒரே பேச்சில் வைத்தேன்.

பட்டா நிலத்தில் சருகை ஒதுக்கி, வேலியைச் சுற்றி இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்குப் புல் இல்லாமல் செதுக்கி விடுங்கள், தை முடிவதற்குள். வனத்துறை எல்லையில் வெட்டுவதென்றால் அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பீடி குடிக்கிறவர்கள் கட்டையைக் காலால் நசுக்கி மண் போட்டு மூட வேண்டும். புகை கண்டால் 101.

யானையைப் பற்றி ஒரு கேள்வி கடிதத்தில் வந்திருக்கிறது. 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் கம்பத்துக்குள் வந்ததே, பத்து நாள் போல ஊரே அமர்க்களப்பட்டு, ஜூன் 5ந் தேதி பிடித்துக் கோதையாற்றுப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாட்களில் யானையைவிட வேடிக்கை பார்க்கப் போனவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. யானை வந்தால் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பாருங்கள், பைக்கில் பின்னாலே போகாதீர்கள். நேரடி மின்சாரத்தை வேலியில் விடுகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அது ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற உங்கள் தம்பியையும் அடிக்கும்.

கடைசியாக ஒரு யோசனை. அக்டோபர் 2ந் தேதி கிராம சபை கூடுகிறது, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். புது வெள்ளத்துக்குப் பதினைந்து நாள் வலை இல்லை என்று அன்றைக்கு ஒரு தீர்மானம் போடலாம். ஜனவரி 26ந் தேதி மறுபடியும் கூடுகிறது, புல் காய்வதற்குச் சற்று முன்னால். தீக்கோடு செதுக்குவதையும், குறுக்கு வழியில் ஆள் கூட்டிப் போகாததையும் அன்றைக்குப் பேசலாம். தேதிகள் நமக்காகவே வைத்த மாதிரி அமைந்திருக்கின்றன. மடையில் வலை கட்டிய அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆற்றில் எந்தக் கசத்தில் எந்த மீன் கிடக்கிறது என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்த பேச்சில் மிளகு வாடல் நோயைப் பார்ப்போம்.