மாலத்தீவுக்குப் பணியேற்றுச் செல்வோர்க்கு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

தமிழகத்தை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் வீடும் சங்கமும் கண்ட நமக்கு இடம் பெயர்தல் புதிதன்று. புழுங்கலரிசி விற்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதும், அடுத்த வீட்டாரின் மொழியில் நான்கு சொல் கற்றுக்கொள்வதும் நமக்குப் பழகியவையே. ஆயினும் நம் நாட்டுக்குள் பெயர்வது வேறு. கடல் கடந்து பிறர் நாட்டுச் சட்டத்தின் கீழ் வாழ்வது வேறு. இக்குடியிருப்பில் ஆசிரியப் பயிற்சியும் செவிலியர் பயிற்சியும் பெற்ற பிள்ளைகள் பலர் மாலத்தீவுப் பணியைப் பற்றி வினவி வருகின்றனர். அங்குப் பள்ளிப் பணியில் சில ஆண்டுகள் இருந்து மீண்டவர் என்ற முறையில், நாம் அறிந்தவற்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தார்.

குமரி முனையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாலே நகர். அந்நாட்டில் தீவுகள் 1,200-க்கு அண்மையில் உள்ளன. மக்கள் குடியிருப்பவை 200-ஐ எட்டா. வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேல். ஆகையால், "மாலத்தீவில் வேலை" என்று எவரேனும் சொன்னால், "எந்தத் தீவில்?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. தலைநகரில் பெரிய மருத்துவமனையும் வங்கியும் இந்தியத் தூதரகமும் உள்ளன. அங்குள்ள இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இந்திய உதவியால் எழுந்தது. தொலைவான சிறு தீவிலோ ஒரு சுகாதார நிலையமும் இரண்டொரு கடைகளும் இருக்கலாம். நாட்பட்ட நோயுடையோரும், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்குவோரும் இதனை எண்ணிப் பார்த்தே ஒப்ப வேண்டும். அங்கே டெங்குக் காய்ச்சல் உண்டு. கொசுவலை பெட்டியில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் சம்பளம் மட்டுமன்றி, உறைவிடம் யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு யாருடையது, பணி இடையில் முறிந்தால் திரும்பும் பயணச் சீட்டு யார் தருவது என்பனவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். அந்நாட்டு 2008-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்திற்கு 48 மணி வேலை நேரத்தையும், ஓராண்டுப் பணிக்குப் பின் 30 நாள் ஊதிய விடுப்பையும் வகுத்துள்ளது. முகவர் வாய்மொழியாகச் சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை. கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை. அதனைப் பிறர் பெட்டியில் பூட்டி வைக்க விடலாகாது.

இனிப் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இதனைப் பிள்ளைகளைவிடப் பெற்றோரே செவிமடுப்பது நலம். அத்தீவுகளில் நெல் விளையாது. பவழ மணலே நிலம். அரிசி, மாவு, சர்க்கரை, எண்ணெய், மருந்து யாவும் இறக்குமதி. அவற்றுக்கு வேண்டிய டாலர் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளால் வருகிறது. வரவு குறையுங்கால் வங்கியில் டாலருக்குத் தட்டுப்பாடு உண்டாகிறது. சம்பளமோ பெரும்பாலும் ருஃபியாவில் கிடைக்கும். டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 15.42 ருஃபியா என்பது வங்கி விகிதம். வெளியில் வாங்கப் புகுந்தால் அதற்கு மேல் கொடுக்க நேரும், சட்டச் சிக்கலும் சேரும். ஒரு மாதத்தில் எவ்வளவு தொகையை ஊருக்கு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகள் வரம்பு விதிக்கின்றன. அவ்வரம்பு மாறிக்கொண்டே வந்துள்ளது. கையில் சம்பளம் இருந்தும் வீட்டுக்கு அனுப்ப இயலாமற் போகும் நிலை இதனால் நேர்கிறது. பணியாணை வந்த மகிழ்ச்சியில் மனை வாங்கவும் தங்கையின் திருமணத்திற்கும் கடன் எழுதிக்கொடுத்துவிட்டு, தவணை நாளில் தகப்பனார் வங்கி வாயிலில் நிற்பது நன்றோ? ஒப்பந்தத்தில் டாலர் என்று எழுதியிருப்பினும், எந்த நாணயத்தில் கையில் தருவர் என்று கேளுங்கள். முதல் ஆண்டு முழுவதும் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று பார்த்த பிறகே தவணைக்குத் தலையசைப்பது அறிவுடைமை.

சமயம் பற்றியும் மறைக்காமல் சொல்வோம். இஸ்லாமே அந்நாட்டின் சமயம். பிற சமயத்தார் பொது இடத்தில் வழிபட இடமில்லை. வழிபாட்டுக்கான சிலைகளையும், மதுவையும், பன்றி இறைச்சியையும் உள்ளே கொண்டு செல்லச் சட்டம் ஒப்பாது. பாட்டிமார் பேரனின் பெட்டிக்குள் பிள்ளையாரை ஒளித்து வைப்பது அன்பினால்தான். சுங்கச் சாவடியில் துன்பம் அடைவது பேரன். வீட்டுக்குள் ஒருவர் தனியே கைகூப்புவதை எவரும் வந்து தடுப்பதில்லை. இவ்வேற்பாடு முறையா என்று வாதிட இது மேடையன்று. ஏற்க இயலாதென நினைப்போர் செல்லாதிருத்தலே நன்று. வார விடுமுறை வெள்ளியும் சனியும். ரமலான் மாதத்தில் பகற்பொழுதில் பொது இடத்தில் உண்ணலாகாது.

உணவில் மீனே தலைமை. தென்பாண்டிக் கடற்கரையில் மாசி என வழங்கும் கருவாடு அந்நாட்டாரின் அன்றாட உணவு. சைவ உணவினர் புளி, பெருங்காயம், பருப்பு முதலியவற்றைக் கையோடு கொண்டு செல்வது நலம். தூத்துக்குடித் தோணிகள் காய்கறிகளும் பிற சரக்கும் ஏற்றிச் செல்வதுண்டு எனினும், கடல் கொந்தளித்தால் வெளித்தீவுகளில் வெங்காயமும் அரும்பொருளே. நீரையும் சிக்கனமாய்ச் செலவிடப் பழக வேண்டும். 2014 டிசம்பர் 4-ஆம் நாள் மாலேயின் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையில் தீப்பற்றியபோது, நகர மாந்தர் இலட்சம் பேருக்கு மேல் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பியது. நல்ல நீரைச் சில நாளுக்குச் சேமித்து வைத்திருப்பது அங்கே வழக்கமாகட்டும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின் ஓர் இனிய செய்தியும் உண்டு. திவேஹி மொழி தமிழினத்ததன்று, சிங்களத்திற்கு உறவானது, வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆயினும் படகை அவர்கள் 'தோனி' என்கின்றனர். மழையையும் மீன்வரவையும் கணிக்க அவர்கள் கைக்கொள்ளும் பழைய நாட்காட்டியில் 27 பகுதிகள் உள்ளன. அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு என்று முதியவர் ஒருவர் அடுக்கத் தொடங்கினால், அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று நம்மவர் உடன் சொல்லலாம். அக்னி நட்சத்திரம் என நாம் அஞ்சும் நாள்களில் அவர்களுக்குக் கெத்தி நடக்கிறது. அங்கோ அது மழைப் பருவம். இவ்வாறு தொடங்கிய உரையாடலால் நமக்கு எத்தனையோ வீடுகளின் கதவு திறந்தது. 'சுக்குரிய்யா' என்னும் நன்றிச் சொல்லை விமானத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது எவரிடமேனும் ஒப்பந்தத் தாள் வந்திருப்பின், சிற்றுண்டிக்குப் பின் மேடையருகே கொண்டு வருக. உடனமர்ந்து வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்.