எடை குறைந்த பிள்ளைக்கு உம்மாவின் பால்

(திருவேங்கடத்தில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியது)

 

நம்ம பகுதியில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1,600 கிராம். பிள்ளையை ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பெற்றவளை, உடம்பு தேறட்டும் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பார்க்கப் போனது ஐந்தாம் நாள். அதுவரை பால் பீய்ச்சச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பால் கட்டி, காய்ச்சலோடு கிடந்தாள். அங்கே பிள்ளைக்குப் பவுடர் பால். அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

34 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைக்குச் சப்பி, விழுங்கி, மூச்சு விடுவது ஒருசேரக் கைவராது. அதற்காகத் தாயின் பால் தேவையில்லை என்று ஆகிவிடாது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரம் புரதச்சத்து கூடுதல். குடல் அழுகும் நோய் வராமல் காப்பதில் பவுடர் பால் அதற்கு ஈடாகாது.

பிரசவமான சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியிலும். முதலில் சொட்டுச் சொட்டாக மஞ்சளாய்த்தான் வரும். அந்தச் சீம்பாலைக் கொட்டிவிடாதீர்கள். 1,600 கிராம் பிள்ளைக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு சுமார் 8 மில்லிதான், ஒன்றரை டீஸ்பூன். டாக்டர்தான் அளவு சொல்வார். முதலில் குழாய் வழியாக, பிறகு பாலாடையில். நம்ம வீட்டுச் சங்குதான். கொதிநீரில் போட்டு எடுக்கணும். பாட்டில் வேண்டாம்.

பாட்டிமார்கள் கோபிக்கக்கூடாது: சீனித்தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கூடாது. தேன் ஒரு வயது வரை ஆகாது. தஹ்னீக் செய்யவும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் வங்கிப் பால் தரட்டுமா என்று கேட்டால் நம்மவர்கள் பால்குடி உறவை நினைத்துத் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். 1985ல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி கூடாதென்றது. அவசியத்துக்கு அனுமதிக்கும் உலமாக்களும் உண்டு. உங்கள் ஆலிமிடம் உடனே கேளுங்கள். பெற்றவள் பக்கத்தில் இருந்து பீய்ச்சினால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே வராது.

பிள்ளையை வெறும் மார்போடு அணைத்து வைத்தால் சூடும் கிடைக்கும், பாலும் ஊறும். வாப்பாவும் அணைக்கலாம்.

நடக்க முடிகிற தாயை மறுநாளே பிள்ளையிடம் அனுப்பிவையுங்கள். வண்டிச் செலவுக்கும் துணைக்கு வர ஆளுக்கும் எங்களிடம் சொல்லுங்கள், ராத்திரியானாலும் பரவாயில்லை.