தாடை ஒப்பரேஷனுக்கு முன்னே வீட்டில் செய்ய வேண்டியது

(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்டச் சேமநல உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். ரொம்ப நேரம் பிடிக்க மாட்டேன்.

நம்ம பிள்ளைகள் சிலர் பல்லில் கம்பி போட்டுக்கொண்டு பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போய் வருவது உங்களுக்குத் தெரியும். சிலருக்குக் கீழ்த்தாடை முன்னுக்கு வளர்ந்துவிட்டது. சிலர் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவர்கள். சின்ன வயதில் தைத்தாகிவிட்டது, ஆனால் மேல்தாடை சரியாக வளராமல் உள்ளுக்கு நிற்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குத் தாடை எலும்பை வெட்டி, சரியான இடத்துக்கு நகர்த்தி, சின்னத் தகடும் ஆணியும் வைத்து இறுக்குகிறார்கள். அநேகமாக வாய்க்குள்ளேயே வெட்டுவதால் முகத்தில் தழும்பு தெரியாது. எலும்பு வளர்ந்து முடிய வேண்டும் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதுக்குப் பிறகும், ஆண் பிள்ளைகளுக்கு 18 தாண்டியும்தான் பெரும்பாலும் செய்வார்கள்.

அதற்கு முன்னே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கம்பி. அந்தக் காலத்தில் கடி முன்னையைவிடக் கோணலாகத் தெரியலாம். "ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் மோசமாச்சு" என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிடாதீங்க. முதலில் பல்லை ஒழுங்காக நிறுத்துகிறார்கள், தாடை பிறகுதான் நகரும்.

தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணம் பார்த்ததால், கத்தியைத் தொட்டதால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று இன்னும் லயத்தில் பேசுகிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பேச்சை நம்பி வருஷக் கணக்காக மனதுக்குள் அழுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களை இனியாவது விட்டுவிடுங்க.

ஒப்பரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கக் கூடாது. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்க. கடிக்க முடியவில்லையா, பேச்சு தெளிவில்லையா, பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா, எது அதிகம் வருத்துகிறது என்று அதன் வாயாலே வரட்டும். "முகம் மாறினால் மாப்பிள்ளை வரும்" என்று ஆசை காட்டாதீங்க. முகம் மாறும், உண்மைதான். ஆனால் சம்பந்தம் வருவதும் வராததும் டொக்டர் கையில் இல்லை.

கையெழுத்து வைக்கிற படிவம் சிங்களத்தில் இருந்தால், தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கம் வேண்டாம். கீழ் உதடும் தாவாங்கட்டையும் மரத்துப்போகலாம் என்று சொல்வார்கள். அது பல மாதம் இருக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே நின்றுவிடும். இது முன்னமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அப்படி மரத்த உதட்டில் சாயத்தண்ணிச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் பார்ப்பீர்கள். ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒப்பரேஷன் முடிந்து வார்டில் முதலில் பார்க்கும்போது பயந்துவிடாதீங்க. இரண்டாம் மூன்றாம் நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் கூடச் சுருங்கிப்போகும். மூக்கிலும் எச்சிலிலும் கொஞ்சம் இரத்தம் வரலாம். தாய் "ஐயோ" என்று கத்தினால் பிள்ளை என்ன நினைக்கும்? வீக்கத்தில் பெரும் பகுதி இரண்டு மூன்று கிழமையில் இறங்கிவிடும். மிச்சம் மெதுவாக, மாதக் கணக்கில் இறங்கும். அந்த நாட்களில் எதிர்க் காம்பரா, பக்கத்துக் காம்பராவில் இருந்து ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்து "இதுக்கா போனே?" என்று கேட்பதுதான் வெட்டுக் காயத்தைவிட வலிக்கும். முதல் இரண்டு கிழமை பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்க. கோபித்தால் கோபிக்கட்டும்.

பிள்ளை இரவில் அழும். "ஏன் செஞ்சோம்" என்று எழுதிக் காட்டும். ரப்பர் வளையத்தால் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கட்டியிருப்பதால் பேச்சு வராது. ஒரு கொப்பியும் பென்சிலும் பக்கத்தில் வையுங்க. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குக் கைச்சாடை முன்கூட்டியே பேசி வையுங்க. இந்த மனச்சோர்வு பலருக்கும் வருவது, தெம்பு வர வரக் குறையும். குறையாமல் சாப்பாட்டையே தள்ளினால் கிளினிக்கில் சொல்லுங்க.

ரொட்டி ஏறக்குறைய ஆறு கிழமைக்கு மறந்துவிட வேண்டும். முதலில் தண்ணியாகத்தான்: அரிசிக் கஞ்சி, குரக்கன் கஞ்சி, மசித்த பருப்பும் பூசணியும் துணியில் வடித்து, பால். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம். அப்படியும் உடம்பு இளைக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உப்புத் தண்ணியால் வாய் கொப்பளிக்க வேண்டும். தலையை உயர்த்திப் படுக்க இரண்டு தலகாணி தேவை, இல்லாவிட்டால் கம்பளியை மடித்து வையுங்க. சிகரெட், வெத்திலை, புகையிலை பக்கமே போகக் கூடாது. புகை எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். வாந்தி வந்தால் முன்னுக்குக் குனிய வைத்தால் பல்லிடுக்கால் வெளியே வந்துவிடும். ரப்பரை எப்போது, எப்படி வெட்டுவது என்று வார்டை விட்டு வருமுன் மிஸ்ஸியிடம் செய்து காட்டச் சொல்லுங்க. மூச்சுத் திணறினாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

மலையில் வேலை செய்கிற பிள்ளை என்றால், தலையில் கயிறு மாட்டிக் கூடை தூக்குகிறோம் என்பதை டொக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும். டவுனில் இருப்பவருக்கு அது தோன்றாது. எப்போது தூக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்க.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. காசு போவது பஸ்ஸுக்கும், பால் மாவுக்கும், துணைக்கு நிற்கிறவரின் பேர் விழாத நாட்களுக்கும்தான். மரணத்துக்குச் சங்கம் வைத்துக் காசு சேர்க்கிறோம். உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. அதை இந்த மாதர் சங்கம் யோசிக்கலாம். திகதி கிடைத்த வீட்டார், சீட்டுக் காசை அந்த மாதத்துக்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்க. பரீட்சை எழுதுகிற பிள்ளையாக இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லித் திகதி கேளுங்க.

லீவுக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பின்னேரம் ஆபிசுக்கு வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.