அட்டையும் அகமும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் கொள்ளும் வணிகர் முதற்கண் நோக்குவது யாது? காயின் பசுமையும் பருமனுமே. தோல் வெளுப்பின் விலை தாழும். ஆயினும் மணம் உறைவது உள்ளிருக்கும் கரிய விதையிலன்றோ? நூலின் அட்டையும் அத்தோல் போன்றதே.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை எம் பாட்டியார் தொகுத்துத் தைத்து வைத்திருந்தார். எழுத்தறியாப் பருவத்தே அதில் ஓவியர் மணியம் தீட்டிய வந்தியத்தேவனைக் கண்டு களித்தோம். அவன் கதையை அறியும் வேட்கையே எம்மைப் படிக்கச் செய்தது. அவ்வழியே நடந்து, உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியையும் சென்றடைந்தோம்.

சென்ற திங்கள் புகைவண்டியேறி மதுரை சென்று மூன்று நூல்கள் வாங்கினோம். அவற்றுள் ஒன்று ஐயரவர்களின் 'என் சரித்திரம்'. முன்னிருந்த படியை மாணவன் ஒருவன் கொண்டுபோய்த் திருப்பிலன், அதற்கு வருந்திலோம். எம் மகள் விரைந்தெடுத்தது வண்ண அட்டையிட்ட சிறுகதை நூலையே. அதனையும் தடுத்திலோம்.

நம் சங்கத்து நூல்களோ, அட்டை சிதையுமென்று கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டுள்ளன. அண்மையில் குரங்கணியினின்று தந்தையுடன் வந்த சிறுமி ஒருத்தி, கண்ணாடியில் முகம் பதித்து அட்டைகளை நெடுநேரம் நோக்கி, வெறுங்கையளாய் மீண்டாள். அக்காட்சி எம் நெஞ்சை விட்டகலவில்லை.

பெரியோர்களே, அலமாரியைத் திறந்து விடுங்கள். கிழியும் அட்டையை ஒட்டித்தரும் பணி எம்முடையது. பசையும் எம் செலவே. காயை உரித்தாலன்றோ மணம் பரவும்!