அகிலாண்டேஸ்வரியாக வந்த ஷீலா
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமா பற்றிப் பேசச் சொன்னார்கள். எடுத்தவுடனே ஒரு கேள்வி கேட்கிறேன். 2005 ஏப்ரல் 14-ல் வந்த 'சந்திரமுகி'யில் அகிலாண்டேஸ்வரியாக நடித்தவர் யார்? பாத்தீங்களா, பாதிப் பேர் முழிக்கிறீங்க! ரஜினி, ஜோதிகா, வடிவேலு எல்லாம் ஞாபகம் இருக்கு. முறைச்சுக்கிட்டே நின்ன அந்த அம்மா மட்டும் இல்லை.

எனக்கும் அன்று தெரியாதுதான். நம்ம டவுன்ஷிப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸ் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியாது அல்லவா? எங்கள் பக்கத்து வீடு கேரளத்துக் குடும்பம். படம் பார்த்துவிட்டு வந்த அந்தச் சேச்சி, "எங்க கறுத்தம்மாவை இப்படியா பண்ணுவீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

1965-ல் 'செம்மீன்' படத்தின் கறுத்தம்மா அந்த ஷீலாதான். குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற படம் அது. அவர் சினிமாவுக்கு வந்ததே தமிழ் வழியாக, எம்.ஜி.ஆரின் 'பாசம்' (1962) மூலம். பிறகு மலையாளம் அவரை எடுத்துக்கொண்டது. பிரேம் நசீரோடு மட்டும் நூறு படங்களுக்கு மேல். ஏறக்குறைய இருபது வருஷம் ஒதுங்கியிருந்து, 2003-ல் 'மனசினக்கரெ'யில் திரும்பினார். அடுத்து 'அகலே' படத்துக்கு தேசிய விருது.

இதெல்லாம் சேச்சி சொன்னது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு.

1976-ல் ஷீலா 'யக்ஷகானம்' என்று ஒரு பேய்ப் படம் எடுத்தார். நடித்தது மட்டுமில்லை, டைரக்‌ஷனும் அவரே. செத்துப்போன காதலியின் ஆவி மனைவியின் உடம்பில் புகுந்துகொள்ளும் கதை. அதைத் தமிழில் துரை 1978-ல் 'ஆயிரம் ஜென்மங்கள்' என்று எடுத்தார். அதில் நடித்தவர் யார் தெரியுமா? நம்ம ரஜினிகாந்த்! அன்று டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒருத்தர் படமாக்கிய பேய்க் கதையில் ரஜினி நடித்து 27 வருஷம் கழித்து, இன்னொரு மலையாளப் பேய்க் கதையின் தமிழ் வடிவத்தில் அதே ரஜினிக்கு எதிரே அந்த அம்மா வந்து நிற்கிறார். டைரக்டராக அல்ல, முறைக்கிற பெரியம்மா மாதிரி.

ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' (1993) படத்தில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது. பி. வாசு தமிழுக்காக வைத்திருக்கிறார். எதற்கு? கங்கா மேல் நம் சந்தேகம் போய்விடக்கூடாது. அதனால் ஊமையனை ஏவிவிடும் ஒரு குரூரமான பெண்மணி தேவைப்பட்டாள். திசை திருப்பும் வேலை, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய நடிகைக்கு இது போதாது என்பதே என் எண்ணம். டைரக்டரைக் குறை சொல்லவில்லை. ரஜினி படத்தில் இடம் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

ஆனால் அந்தக் கொஞ்ச இடத்திலும் அவர் அலட்டவில்லை. குரலை உயர்த்தாமல், கண்ணாலேயே நம்மை நம்ப வைத்தார். முதல் தடவை பார்த்தபோது, கொலைகாரி இவள்தான் என்று நான் பக்கத்து சீட்டில் பந்தயம் கட்டித் தோற்றேன். ஐந்து ரூபாய்.

சேச்சியிடம் சமாதானமாகப் போக 'செம்மீன்' சி.டி. தேடிப் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "யக்ஷகானம் கிடைக்கலையா?" என்றார். இன்னும் தேடுகிறேன். உங்களில் யாரிடமாவது இருந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்கள்.