பயணத்தில் நேரம் காக்கும் கைத்தொலைபேசி



காலம் பொன் போன்றது என்று நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்குக் காலம் என்பது பொன்னைவிட அரிசியைப் போன்றது என்று சொல்வதே பொருந்தும். பொன் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். ஒரு நாள் கூலி இல்லாமற்போனால் அடுப்படியில் அது தெரிந்துவிடும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரத்திற்கு ஆறு நாள் வேலை என்று கணக்கிட்டால், நாள் ஒன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. பேருந்துக்காகவும் ரயிலுக்காகவும் காத்திருந்து நாம் ஒரு நாளை இழக்கும்போது, இந்த 65 வெள்ளியை வழியில் கொட்டிவிட்டு வருகிறோம் என்றுதான் பொருள்.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் அம்மையார் அவர். கண்ணில் புரை விழுந்திருந்தது. தலைநகரிலுள்ள ஓர் அரசாங்க மருத்துவமனையில் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு மகன் விடுப்பு எடுத்துக்கொண்டார். "ரயில் எட்டு மணிக்குத்தான் அக்கா, அவசரப்பட வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் புறப்பட்டார்கள். ரயில் நேரம் மாறிவிட்டதை அவர் அறியவில்லை. நிலையத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் காத்திருந்து, தலைநகரில் எங்கே இறங்குவது, எதில் மாறுவது என்று நாலு பேரைக் கேட்டு, மருத்துவமனை வாசலை மிதித்தபோது பதிவு முடிந்துவிட்டது. அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. மகனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. தாய்க்கோ மூன்று மாதப் பார்வை போயிற்று.

இதில் வருத்தம் என்னவென்றால், அன்று மகனுடைய சட்டைப் பையில் நல்ல கைத்தொலைபேசி ஒன்று இருந்தது. முதல்நாள் இரவு அதில் சினிமாப் பாட்டுக் கேட்டார். வாட்ஸ்அப்பில் நண்பர்களோடு பேசினார். ரயில் நேரத்தை மட்டும் அதில் பார்க்கவில்லை.

நேயர்களே, கைத்தொலைபேசியில் உள்ள செயலி என்பது என்ன? நம் வீட்டு ஆயுதப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பேனர் ஒரு வேலைக்கு, சுத்தியல் ஒரு வேலைக்கு, ரம்பம் ஒரு வேலைக்கு. அதுபோல ஒவ்வொரு செயலியும் ஒரு வேலைக்காக அமைந்த கருவி. பெட்டி நிறையக் கருவி இருப்பது பெருமையன்று. எந்த வேலைக்கு எது என்று தெரிந்திருப்பதே சிறப்பு. பயணத்திற்கு நமக்கு வேண்டிய கருவிகள் நாலைந்துதான். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, புறப்படும் நேரம். மலாயன் ரயில்வே நிறுவனமான கே.டி.எம்.மின் செயலியில் ரயில் நேரங்களைப் பார்க்கலாம்; தொலைதூர ரயிலுக்கு டிக்கெட்டும் வாங்கலாம். 2010ஆம் ஆண்டில் ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் இடையே தொடங்கிய இ.டி.எஸ். மின்ரயில், 2015இல் வடக்கே பாடாங் புசார் வரையிலும் தெற்கே கிம்மாஸ் வரையிலும் நீண்டது. 2025 டிசம்பரில் ஜொகூர் பாருவையும் எட்டியது. தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் இந்த ரயிலின் இருக்கைகள் விரைவில் விற்றுப்போகின்றன. முகப்பில் வரிசை பிடித்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு வெறுங்கைதான் மிஞ்சும். விற்பனை தொடங்கியதும் வீட்டில் இருந்தபடியே செயலியில் வாங்கியவர் நிம்மதியாகப் பலகாரம் சுடலாம்.

பேருந்துக்கும் இதுவே வழி. 1976இல் திறக்கப்பட்ட புடுராயாவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புகையும் இரைச்சலும், கையைப் பிடித்து இழுக்கும் டிக்கெட் தரகர்களும், பிள்ளைகளைத் தவறவிடுவோமோ என்ற பயமும் நினைவிருக்கும். 2011இல் பண்டார் தாசெக் செலாத்தானில் டி.பி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டபின், தெற்கே போகும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. ஈஸிபுக், ரெட்பஸ் போன்ற செயலிகளில் எந்த நிறுவனத்தின் பேருந்து எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு, எந்த இருக்கை காலி என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று. சில டிக்கெட்டுகளை ஏறுமுன் முகப்பில் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். டிக்கெட்டின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே புறப்படுங்கள்.

இரண்டாவது, போகும் வழி. கூகல் மேப்ஸ் என்னும் வரைபடச் செயலியில் போக வேண்டிய இடத்தின் பெயரைக் கொடுத்து, ரயில் படத்தை அழுத்தினால், எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது என்று வரிசையாகக் காட்டும். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்குத் தஞ்சோங் மாலிமிலிருந்து போவதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம்மில் பலர் பழக்கத்தால் கே.எல். சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து மாறிப் போகிறோம். ஆனால் 2022 ஜூனில் முதற்பகுதியும், 2023 மார்ச்சில் மறுபகுதியும் திறக்கப்பட்ட புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் சுங்கை பூலோ வழியாகச் செல்கிறது. அதே தடத்தில் மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு நிலையமும் இருக்கிறது. ஆகவே கொமூட்டரில் வந்து சுங்கை பூலோவில் இறங்கி எம்.ஆர்.டி. பிடித்தால், பிறகு மாறவே வேண்டியதில்லை. ஒரே டச் அண்ட் கோ அட்டை இரண்டிற்கும் செல்லும். முட்டிவலிக்காரருக்குப் படி ஏறி இறங்கும் வேலை எவ்வளவு மிச்சம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த வரைபடச் செயலி தமிழிலும் வழி சொல்லும். மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் வாகனம் ஓட்டும்போது திரும்ப வேண்டிய இடத்தைத் தமிழில் கேட்கலாம். தோட்டத்திற்குள் அலைவரிசை சரியாகக் கிடைப்பதில்லை என்பது நம் குறை. அதற்கும் வழி உண்டு. இணையம் உள்ள இடத்தில் இருக்கும்போதே நம் வட்டாரத்தின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், அலைவரிசை இல்லாதபோதும் காரோட்டும் வழியைக் காட்டும். ரயில், பேருந்து நேரங்களை மட்டும் அப்படிக் காட்டாது. அவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. குறுக்குவழி என்று செம்பனைக் காட்டு மண்சடக்கில் இறக்கிவிட்டு, மழையில் சேற்றில் சிக்கவைத்த கதைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. தோட்டச் சடக்கு எது, பாலம் உடைந்தது எது என்று நமக்குத் தெரிந்ததை அந்தக் கருவி அறியாது. சொந்தக்காரர்கள் வீடு தேடி வரும்போது, எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, கடைசி இரண்டு மூன்று மைல். பட்டணத்து நிலையத்தில் இறங்கியபின் வாடகைக் காருக்காக நிற்கும் நேரம் இருக்கிறதே, அதுவும் காலவிரயம்தான். 2012இல் நம் நாட்டில் 'மைடெக்சி' என்ற பெயரில் தொடங்கிய செயலியே இன்று கிராப் என்று விளங்குகிறது. ஏறுமுன்னே கட்டணம் தெரிந்துவிடுவதால் பேரம் பேசும் வேலை இல்லை. காரின் எண்ணைச் சரிபார்த்த பிறகே ஏறவேண்டும். தோட்டத்து உள்ளே இந்தக் கார்கள் எளிதில் வருவதில்லை; ஆகவே திரும்பி வருவதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதே அறிவுடைமை.

நான்காவது, இருக்கும் இடத்தைத் தெரிவிப்பது. ஜொகூரில் வேலை செய்யும் மகள் இரவுப் பேருந்தில் வருகிறாள். தகப்பனார் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார்சைக்கிளோடு முச்சந்தியில் நின்று பனியில் நனைகிறார். பேருந்தோ ஐந்தரைக்குத்தான் வருகிறது. மகள் வாட்ஸ்அப்பில் தான் இருக்கும் இடத்தை நேரடியாகப் பகிர்ந்தால், 15 நிமிடமோ, ஒரு மணி நேரமோ, எட்டு மணி நேரமோ அவள் பேருந்து நகர்வதை வீட்டில் இருந்தே பார்க்கலாம். பேருந்து பக்கத்து ஊரைத் தாண்டியபின் புறப்பட்டால் போதும். தகப்பனாருக்குத் தூக்கம் மிச்சம். மகளும் இருட்டில் தனியே நிற்க வேண்டியதில்லை. வீட்டு எண் இல்லாத லயன் வீடுகளுக்கும் இதே முறையில் இடத்தைக் குறித்து அனுப்பிவிடலாம்.

ஐந்தாவது, போகவே வேண்டாத பயணம். எல்லாவற்றிலும் அதிக நேரம் மிச்சமாவது இதில்தான். வாகன உரிமம் புதுப்பிப்பதற்கு இனி பட்டணத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டுவதில்லை. மைஜேபிஜே செயலியில் அதனைச் செய்யலாம். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களுக்குச் சாலைவரிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செயலியில் காட்டினால் போதும். 2020இல் கோவிட் காலத்தில் வந்த மைசெஜாத்ராவை, அந்த நோய் தணிந்தபின் பலர் அழித்துவிட்டார்கள். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மருத்துவரைப் பார்க்க இப்போது அதில் நேரம் குறித்துக்கொள்ளலாம். விடியுமுன் போய் எண் வாங்க உட்காரும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

இவ்வளவு நன்மை இருக்கும்போது, கண்ணி வைப்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? முகம் தெரியாதவர் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்புவார். அதன் பெயரின் முடிவில் 'ஏபிகே' என்று இருக்கும். திறந்தால் அது பத்திரிகை அன்று. வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் செயலி. மலிவு டிக்கெட் என்றும் இவ்வாறு வருவதுண்டு. செயலிகளைப் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் ஆகிய இரு இடங்களிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். யார் கேட்டாலும் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைச் சொல்லலாகாது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

இன்னும் ஒன்று. மின்கலம் தீர்ந்த கைத்தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டுதான். டிக்கெட்டையும் தவணை நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, மகன் மகளின் தொலைபேசி எண்ணோடு பையில் வைத்திருங்கள். தாளுக்கு மின்சாரம் தேவையில்லை.

நிறைவாக இளைஞர்களுக்கு ஒரு சொல். இந்த வித்தை எல்லாம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் வெளியூருக்குப் போனதும் வீடு பழைய நிலைக்கே வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாது என்று கைத்தொலைபேசியைப் பிடுங்கி நீங்களே அழுத்திக் கொடுக்காதீர்கள். அவர் விரலாலேயே அழுத்த விடுங்கள். பால்மரத்தில் பட்டை நோகாமல் கத்தி பிடித்த விரல்களுக்கு, கண்ணாடியைத் தொடுவது பெரிய வேலையன்று. பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் குறை.

முன்பு சொன்ன அம்மையாரின் மகன் அதைத்தான் செய்தார். மூன்று மாதமும் மாலையில் அரைமணி நேரம் தாயாரோடு உட்கார்ந்தார். ரயில் நேரம் பார்ப்பது, வழி பார்ப்பது, இருக்கும் இடத்தை அனுப்புவது ஆகிய மூன்றை மட்டுமே கற்றுக் கொடுத்தார். பார்வை மங்கியவர் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார். தவணை நாளில் மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மையார் பக்கத்து வீட்டுக்காரரையே துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். இம்முறை ரயில் நேரத்தை அவரிடம் கேட்கவில்லை, அவருக்குச் சொன்னார். பதினொரு மணித் தவணைக்குப் பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிட்டதாக, செம்பனைக் காட்டில் வேலையாக இருந்த மகனுக்குச் செய்தி வந்தது.

அடுத்த பயணத்திற்கு முதல்நாள் இரவு, பாட்டுக் கேட்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குவோம். மறுநாள் ஐந்து மணி நேரம் மிச்சமாகலாம்.